கோபுலுவின் கோடு

1924இல் தஞ்சாவூரில் பிறந்த எஸ். கோபாலன், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி இட்ட பெயர்தான் கோபுலு.

அவருடைய தனிச்சிறப்பு, வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்கள். திண்ணை, குடுமி, மடிசார், பந்தியில் உட்காரும் விதம் என்று தஞ்சை வாழ்க்கையின் நுணுக்கம் அத்தனையும் கோட்டிலேயே தெரியும். முகத்தில் ஒரு புருவம் ஏறினால் போதும், வாசகருக்குக் கதை முழுதும் விளங்கிவிடும். இந்தச் சிக்கனம் வேறு எவருக்கும் இவ்வளவு இயல்பாக வாய்க்கவில்லை.

கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்தவை உச்சம். 1968இல் திரைப்படம் வருமுன்பே சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் வாசகர் மனத்தில் முகம் கிடைத்திருந்தது. நாயனம் பிடிக்கும் விரல்களையும் ஆடுபவளின் நிலையையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். ஜெயகாந்தனின் கதைகளுக்கோ அவரது தூரிகை வேறு தொனியில் பேசியது. அங்கே சிரிப்பு அடங்கி, மனிதர்களின் தனிமை தெரிந்தது.

1963இல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972இல் சொந்தமாக ‘ஆட் வேவ்’ நிறுவனம் தொடங்கினார். முதுமையில் பக்கவாதம் வலக்கையைத் தாக்கியபோது இடக்கையால் வரையப் பழகி, தொடர்ந்து வரைந்தார். 2015 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.