விரலில் சுற்றிய துணி

பாடியிலிருந்து பை எடுக்காமல் நான் கிளம்பியது 2021 டிசம்பரில். "என்னம்மா வாங்கப் போறே?" என்றார் மாமியார். எதுவுமில்லை, படம் பார்க்க. கொரோனா வந்ததிலிருந்து காய்க்கும் மருந்துக்கும் தவிர நான் செருப்பு மாட்டியதில்லை.

ஒரே அறைதான். பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். ஒன்றரை மணி நேரம் நின்றேன். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனி குமார், ராமநாதபுரம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கிறார். வேட்டிபோல் கட்டிய சேலை, மேலே டி-ஷர்ட், இடுப்பில் வலைப்பை. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. அந்தத் துணியைத் தாண்டி என் கண் நகரவில்லை.

நீல வெளிச்சம் அழகுதான். அந்த அழகோடுதான் எனக்குச் சண்டை. பக்கத்தில் நின்றவர் 'கடல்கன்னி' என்றார். கடல்கன்னி கூலி கேட்கமாட்டாள். இவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசிதான் அகராகி நம் ஜெல்லியில் உறைகிறது. 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது குற்றம். தாயும் பாட்டியும் முங்கிய இடம்! கடலில் போட்ட வேலி எந்த கேமராவுக்குத் தெரியும்? அதைச் சுவரில் எழுதித்தான் வைக்க வேண்டும். நான் பார்த்த சுவரில் இல்லை.

திரும்பும்போது பழக்கதோஷத்தில் கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கி, பையில்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். மாமியார் வேறொன்றும் கேட்கவில்லை.