மாங்கனி ஈகையும் அதன் எல்லையும்

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்கள் நிறைமதியையொட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவிற்கு, அதன் வடபாலுள்ள கோட்டுச்சேரி முதலிய ஊர்களினின்றும் அடியார் பலர் செல்வர். பிட்சாடன மூர்த்தி திருவுலாப் போதருங்கால் வீட்டு மாடிகளினின்று மாங்கனிகளை வாரி இறைப்பதும், கீழ் நிற்போர் அவற்றை ஏந்திக்கொள்வதும் யாவரும் அறிந்தன. இதனைக் கண்டு பழகிய கண்ணிற்கு, அம்மையார் செய்த ஈகையும் வரையறையின்றி வாரி வழங்கிய தொன்றெனவே தோன்றும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்து அருளிச்செய்த வரலாறு அவ்வாறன்று.

பரமதத்தன் தனக்குச் சிலர் கொடுத்த கனி இரண்டனையும் மனைக்கு விடுத்தான். பசித்து வந்த அடியார்க்குச் சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை. அக்குறை நிரப்பப் புனிதவதியார் இட்டது ஒரு கனியே. இரண்டும் கையிலிருப்ப, ஒன்றை நிறுத்தினார். மனைவியையே ஈந்த இயற்பகையாரோடும், விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கிய இளையான்குடி மாறனாரோடும் வைத்து நோக்கி, இவ்வீகையைச் சிறிதென்பார் உளராயின், அவர் ஒன்று மறந்தாராவர். மாறனார் வாரியது தமது வித்து. அம்மையார் கையிலிருந்ததோ கணவன் விடுத்த பொருள். இல்லத்தில் உண்பார் இருவர், கனியும் இரண்டு. தமக்குரிய கூற்றினை அடியார்க்கு ஈந்து, கணவற்குரியதைக் காத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். நூலாசிரியர் இதனை வெளிப்படக் கூறிற்றிலரேனும், கனியின் எண் இப்பொருளுக்கு அரணாய் நிற்கின்றது. கணவன் தன் கூற்றினை உண்டு, சுவை மிகுதியால் மற்றதனையும் வேண்டினான். அவன் கேட்டது மனைவியின் பங்கு என்பதை உரை கூறுவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

இறைவன் அருளால் வந்த கனியை உண்டவன், அதன் சுவை வேறுபாடு கண்டு வினாவினான். உண்மை கேட்டும் தெளியானாய், அவ்வருளால் இன்னுமொன்று வருவிக்க என்றான். வந்த கனி அவன் கையிற் புக்கவுடன் மறைந்தது. பக்குவமின்மையே காரணம் என்பது பலர் கூற்று. அஃதாயின், அருளால் வந்த முற்கனியும் அவன் வாய்ப்படாது மறைந்திருத்தல் வேண்டுமன்றோ? அதனை அவன் இனிது உண்டானாதலின் அக்கூற்று நிரம்பாது. முன்னையது உண்ண விரும்பினார்க்கு வந்தது. பின்னையது ஐயந்தீர்த்தற்கு வந்தது. அருளாதொழியின் தம் சொல் பொய்யாம் என்றே அம்மையாரும் இறைவனை வேண்டினார். சொல் மெய்யாயிற்று. கனிக்கு அங்கு வேறு பணியில்லை.

இனி, பரமதத்தன் செய்கை. அஞ்சினான், உடனுறைவு ஒழிந்தான், வாணிகத்தின் பொருட்டுக் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்மகவிற்கு அம்மையார் பெயரையே இட்டான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக் கொணர்ந்தபோது, மனைவியும் மகவும் உடன்வர அடிவீழ்ந்து வணங்கினான். இவனைக் கொடியன் என இகழ்தல் சேக்கிழார் உள்ளமன்று, அவ்வணக்கத்திற் பொய்யில்லை. ஆயினும், ஒருவற்கு இறுக்கவேண்டிய கடனை இறாது, அவர் வேண்டாத பெரும் பொருளொன்றை அவர் முன் குவித்தல் ஈகையாகுமோ? அவன் கடன்பட்டது இல்வாழ்க்கைத் துணைமை, கொடுத்தது வழிபாடு. உரியதை ஒதுக்கிவைத்தே ஈந்தார் அம்மையார்; அவனோ உரியதை நீக்கிவிட்டு வணங்கினான். அவன் நன்னோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், காரைக்காலில் தனித்திருந்த அவ்வாண்டுகளை அது ஈடுசெய்யாது. அச்சத்தாற் பிறந்த பெருமதிப்புக்கு எட்டாத இடமும் உண்டு.

அவன் உரைத்தது கேட்ட அம்மையார் வெகுண்டிலர், வழக்காடவுமில்லை. அவன் பொருட்டாகவே தாங்கிநின்ற தசைப்பொதியை இங்கேயே நீக்கி, இறைவன் திருவடியைப் போற்றும் பேய்வடிவை அருளுமாறு வேண்டினார். கொள்வார் இல்லாத கடனைத் தந்தவனிடமே திருப்பிச் செலுத்தி, திருக்கயிலை நோக்கி நடந்தார்.