இரண்டாம் பாதியில் வந்த 60 புள்ளிகள்

இடைவேளையில் மான்ஸ்டார்ஸ் 66, டியூன் ஸ்குவாட் 18. ஆட்டம் முடிந்தபோது டியூன் ஸ்குவாட் 78, மான்ஸ்டார்ஸ் 77. ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்தின் கூடைப்பந்து ஆட்டத்தை அலச இந்த இரண்டு ஸ்கோர்களே போதும். 48 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணி, இரண்டாம் பாதியில் மட்டும் 60 புள்ளிகளைக் குவித்தது. எதிரணிக்கு 11 புள்ளிகளே விட்டுக்கொடுத்தது.

1996 நவம்பரில் வெளிவந்த இந்தப் படத்தை கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படம் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், முதல் பாதியிலும் ஜோர்டன் டியூன் ஸ்குவாட்டுக்காகக் களத்தில்தான் இருந்தார். அப்போது அணியால் எடுக்க முடிந்தது வெறும் 18. இடைவேளைக்குப் பிறகு மாறியவர்கள் மற்றவர்கள்.

கதை எளிமையானது. விண்வெளியில் கூட்டம் வராமல் தவிக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் முதலாளி ஸ்வாக்ஹாமர். கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னியையும் அதன் கூட்டத்தையும் காட்சிப்பொருளாக்கப் பிடித்துவரும்படி ஐந்து குட்டி வேற்றுக்கிரகவாசிகளை அனுப்புகிறார். குள்ளர்கள்தானே என்று எண்ணிக் கூடைப்பந்துக்குச் சவால் விடுகிறது பக்ஸ் கூட்டம். அந்த ஐவரோ சார்லஸ் பார்க்லி, பேட்ரிக் ஈவிங், லாரி ஜான்சன், மக்ஸி போக்ஸ், ஷான் பிராட்லி ஆகிய என்பிஏ வீரர்களின் திறமையைத் திருடிக்கொண்டு மான்ஸ்டார்ஸ் என்ற ராட்சதர்களாகிவிடுகிறார்கள். வேறு வழியின்றி ஜோர்டனைத் தன் டியூன் ஸ்குவாட் அணிக்குத் துணையாக இழுக்கிறது பக்ஸ்.

முதல் பாதியில் தோற்றதற்குக் காரணம் பயம். ராட்சதர்களைப் பார்த்தே முயலும் வாத்தும் பன்றியும் ஒடுங்கிப்போயின. இடைவேளையில் பக்ஸ் ஒரு புட்டியில் தண்ணீரை நிரப்பி, ஜோர்டனின் ரகசிய மருந்து என்று கொடுக்கிறது. குடித்தவுடன் அணி நிமிர்கிறது. அதன்பின் யாரும் ஜோர்டனைப் போல ஆட முயலவில்லை என்பதே முக்கியம். வைல் ஈ கயோட்டி தன் வெடிகளோடு வந்தது. மற்றவையும் காலங்காலமாகத் தங்களுக்குக் கைவந்த கார்ட்டூன் சேட்டைகளையே ஆயுதமாக்கின. அவரவருக்குத் தெரிந்ததை அணிக்காகச் செய்தபோது ஸ்கோர் ஏறியது.

தியாகமும் இருந்தது. அணியில் இருக்கும் பெண் முயல் லோலா பன்னி மீது ராட்சதன் விழப்போகும்போது, அவளைத் தள்ளிவிட்டுத் தான் நசுங்குகிறது பக்ஸ். ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேற, விளையாடவே தெரியாத ஜோர்டனின் உதவியாளர் ஸ்டான் களமிறங்கி ஒரு கூடை போட்டுத் தட்டையாகிறார். எதிரணியை இணைத்திருந்தது முதலாளி மீதான அச்சம் மட்டுமே. ஆட்டம் முடிந்து, அவனுக்கு ஏன் அடங்கிப்போகிறீர்கள் என்று ஜோர்டன் கேட்டதுமே அந்த ஐவரும் ஸ்வாக்ஹாமருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறார்கள். அச்சத்தால் கட்டிய அணிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

படத்தின் குடும்பப் பாசம் இந்த ஆட்டத்துக்கு வெளியே நிற்பதல்ல. இரவில் கொல்லைப்புறத்தில் பந்து போடும் சிறுவனும் அவன் அப்பாவும்தான் முதல் காட்சி. ஜோர்டனின் தந்தை ஜேம்ஸ் 1993 ஜூலையில் கொல்லப்பட்டார். அக்டோபரில் ஜோர்டன் ஓய்வை அறிவித்தார். தந்தை விரும்பிய பேஸ்பாலுக்குப் போனார். 1995 மார்ச்சில் மீண்டும் கூடைப்பந்துக்குத் திரும்பினார். அந்தக் கோடையில் படப்பிடிப்பு நடந்த ஸ்டூடியோ வளாகத்திலேயே அவருக்காகக் கூடைப்பந்து மைதானம் அமைத்தார்கள். பகலில் நடிப்பு, பிறகு மற்ற என்பிஏ வீரர்களோடு பயிற்சி. அடுத்த பருவத்தில் அவரது அணியான சிகாகோ புல்ஸுக்கு 72 வெற்றி, 10 தோல்வி. 1996 ஜூன் 16 அன்று, தந்தையர் தினத்தில், பட்டம் வென்றபின் உடைமாற்றும் அறைத் தரையில் பந்தை அணைத்தபடி அவர் அழுதார். படத்தின் முதல் காட்சிக்கு அந்தக் கண்ணீர்தான் பொழிப்புரை.

ஓர் ஆட்டக்காரரை நம்பிய அணி எங்கே முடியும் என்பது ஜோர்டனுக்கே தெரியும். 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே பாஸ்டன் செல்டிக்ஸ் 3-0 என்று புல்ஸை வெளியேற்றியது. 1989-ல் ஃபில் ஜாக்சன் புல்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். துணைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டமுறை அமலுக்கு வந்தது; பந்து எல்லோர் கைகளுக்கும் போனது. 1991-ல் முதல் பட்டம் கிடைத்தது.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசிப் பத்து நொடிகளில் திட்டம் இதுதான்: பந்தைப் பறிக்க வேண்டும், ஜோர்டனிடம் சேர்க்க வேண்டும், அவர் கூடையில் போட வேண்டும். முதல் இரண்டு வேலைகளும் மற்றவர்களுடையவை. ஆனால் திரை முழுவதையும் அடைத்துக்கொள்வது மைதான நடுவிலிருந்து நீளும் ஜோர்டனின் கைதான். அணியின் கதையை அதுவரை அழகாகச் சொன்ன படம், முடிவில் நாயகனிடம் சரணடைகிறது.

படம் வந்து ஏழு மாதங்களில், 1997 ஜூன் 13 அன்று, யூட்டா ஜாஸுக்கு எதிரான இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். ஸ்கோர் 86-86. ஜோர்டனை இருவர் சூழ்ந்தார்கள். அவர் பந்தைச் சக வீரர் ஸ்டீவ் கெர்ருக்குக் கொடுத்தார். ஐந்து நொடிகள் மீதமிருக்க கெர் கூடையில் போட்டார். பட்டம் புல்ஸுக்கு. நிஜ ஜோர்டன் படத்து ஜோர்டனைவிடச் சிறந்த அணி வீரர். பிள்ளைகளுக்கு ‘ஸ்பேஸ் ஜாம்’ காட்டும் பெற்றோர், கையோடு அந்த ஒரு பாஸையும் காட்டிவிட வேண்டும்.