கொழுந்துக்காரியின் பெருமை: தேயிலை இலக்கியம் சொல்லாமல் விட்டது

உழைப்பு என்றதும் நம் சங்க மேடைகளில் முதலில் வந்து நிற்பவர் வள்ளுவர்தான். ஆள்வினையுடைமை, மடியின்மை என்று அதிகாரம் அதிகாரமாக எடுத்துரைத்து, "நம்ம ஜனங்க போன இடமெல்லாம் உழைச்சே முன்னுக்கு வந்தவங்க" என்று பேச்சை முடிப்பார்கள். கைதட்டல் எழும். நானும் தட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளைப் புரட்டினாலோ, அங்கே பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர். மேடையில் பெருமை மட்டும், ஏட்டில் துன்பம் மட்டும். பீர்மேட்டில் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டுமே அரைக் கதையாகத்தான் படுகிறது.

பீர்மேடு அறியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. கம்பத்திலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, பாம்பனாறு தாண்டிக் குட்டிக்கானம் வரை போகும் சாலையின் இருபுறமும் தேயிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் முதலில் காப்பி போட்டார்கள். அது நோயில் படுத்தபின் தேயிலைக்கு மாறினார்கள். கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்து காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமத்து ஏழைகள். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்தப் போராட்டக் கதையை இந்த மலரில் வேறு யாராவது எழுதக்கூடும். நான் கொழுந்துக்கு வருகிறேன்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது எளிதல்ல. கொழுந்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. விரலால் நொடித்து ஒடிக்க வேண்டும். முற்றிய இலையும் காம்பும் கூடையில் சேர்ந்தால் நிறுவைக்காரன் முகம் சுளிப்பான். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். இத்தனைக்கும் நடுவே அம்மாவின் இரண்டு கைகளும் தனித்தனியாக ஓடும். கண் வேறெங்கோ இருக்கும், வாய் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும். மாலையில் தராசு முள் எல்லோரையும்விடத் தன் கூடைக்கு மேலே போனால், அன்றைக்கு வீட்டில் குழம்பு ருசியாக இருக்கும். இது மிகையல்ல. கூலி கூடியதற்காக அல்ல, 'நல்ல கொழுந்துக்காரி' என்று நாலு பேர் முன்னால் பேர் எடுத்ததற்காக.

இந்தச் சந்தோஷம் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இந்த வகையில் முன்னோடி. இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியை நெஞ்சைவிட்டு அகலாதபடி படைத்திருக்கிறார். ஆனால் அவளை அழிப்பது துரையின் காமமும் நோயும். வேலை பின்னணியில் திரையாகத் தொங்குகிறது. அவள் கை தேயிலைமேல் எப்படி ஓடியது என்பது நமக்குத் தெரிவதில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடியதும் ஓர் அழுகுரல்தான். அந்தக் காலத்துக்கு அந்த அழுகுரல் தேவைப்பட்டது. குறை சொல்ல வாயில்லை.

அதிகம் பேச வேண்டியது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதியதை, 2007-இல் இரா. முருகவேள் தமிழாக்கித் தந்தார். கருப்பனும் வள்ளியும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். அந்தப் பணமே கழுத்துச் சுருக்காகிறது. வால்பாறைப் பக்கத்துக் கதையானாலும் பீர்மேட்டுக்காரன் எவனும் தன் பாட்டன் கதையாகவே இதை வாசிப்பான். குளிர், அட்டை, காய்ச்சல், கணக்கில் ஏமாற்று என்று ஒன்றுவிடாமல் பதிவு செய்த நூல். அது இல்லையென்றால் அந்தத் தலைமுறையின் சாவுகளுக்கு நம் மொழியில் இவ்வளவு அழுத்தமான சாட்சி கிடைத்திருக்காது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டேனியல் டாக்டர். டாக்டரிடம் நோயாகிப்போன உடம்புதான் வரும். கொழுந்து ஒடிக்கும் விரலின் நேர்த்தி எந்த ஆஸ்பத்திரி வாசலுக்கும் வருவதில்லை. அதனால் நாவலில் உழைப்பு என்பது உடம்பின்மேல் விழும் அடியாக மட்டுமே தங்கிவிடுகிறது. இதைத் தழுவி 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி'யில் அந்த அடி இன்னும் பெரிதாகிறது. கடைசிக் காட்சியில் திரையரங்கமே விம்மியது. பக்கத்து இருக்கையில் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கொழுந்து எடுக்கத் தெரியாத புள்ளைகளா இருக்குதே."

சிரிப்பு வந்தது. யோசித்தபோது அதுவே பெரிய விமர்சனமாகப் பட்டது. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மக்கள் பாடல்களில் கங்காணியை நையாண்டி செய்யும் குரல் கேட்கிறது. பாடியவர்கள் அழ மட்டுமே தெரிந்தவர்கள் அல்லர். எழுத்தாளர்கள்தான் அவர்களை அழ மட்டும் வைத்தார்கள்.

"துன்பத்தைச் சொன்னால் போதாதா, பெருமையையும் சொல்லி எஜமானுக்கு வக்காலத்து வாங்கவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சுரண்டல் உள்ளே நுழைந்ததே அந்தப் பெருமை வழியாகத்தான் என்பது என் எண்ணம். அம்மாவைக் காய்ச்சலோடு மலைக்கு அனுப்பியது கங்காணியின் அதட்டல் அல்ல. "நீ இல்லாட்டி இந்த நிரை முடியாதும்மா" என்ற ஒரு பாராட்டு. எடை குறைந்த பெண்களை அம்மா கொஞ்சம் இளப்பமாகப் பார்த்ததும் உண்டு. அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இன்னொருத்தி இளைப்பு நோய்க்காரி. தராசு அதையெல்லாம் பார்க்காது; தராசையே நம்பியவரும் பார்க்கவில்லை. கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்க வேண்டிய வாய், இன்று எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

2000-க்குப் பிறகு தேயிலை விலை விழுந்தபோது பீர்மேட்டில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சம்பள பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி, ஒழுகும் லயம் எல்லாம் செய்தித்தாளில் வந்தன. வராதது ஒன்று: காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாத பெண்கள். செக்ரோலில் பேர் இல்லாத நாளை அவர்கள் லீவு என்று நினைக்கவில்லை. தாங்களே இல்லாமல்போனதாக நினைத்தார்கள். கவ்வாத்து இல்லாமல் தேயிலை மரமாக வளர்வதைப் பார்த்து, பிள்ளைக்குத் தலை வாராமல் விட்டதுபோல அம்மா வருத்தப்பட்டார். மூடிய தோட்டங்களில் தொழிலாளர்கள் செடிகளைப் பங்கிட்டுக்கொண்டு, தாங்களே கொழுந்தெடுத்து விற்றுப் பிழைத்தார்கள். பசி ஒரு காரணம். பசி மட்டுமே காரணமா? இதைக் கேட்கும் ஒரு தமிழ் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

அதே பெருமை இன்னொரு விதமாகவும் பேசும் என்பதை வடக்கே மூணாறில் 2015 செப்டம்பரில் பார்த்தோம். போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்தபோது, தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தார்கள். இருபது சதவீதத்துக்குச் சமமான தொகை கிடைத்தது. நாங்கள் எடுக்கிற கொழுந்தில்தான் எல்லோருடைய பிழைப்பும் ஓடுகிறது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தராசில் ஏறிய பெருமை தெருவில் உரிமையாகப் பேசியது. அடுத்த மாத ஒப்பந்தத்தில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று; கூடவே நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆயிற்று. தராசு விடுமா!

இதெல்லாம் மலையில் நடப்பது, நமக்கென்ன என்று இங்கே அடுக்குமாடியில் இருக்கும் நாம் நினைக்க வேண்டாம். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016-இல் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டுச் சொல்லின. என் மகன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். இரவு பதினொரு மணிக்கு, "டீம்ல என்னை விட்டா ஆளில்லப்பா" என்கிறான். குரலில் அலுப்பு பாதி, ஆனந்தம் பாதி. எங்கோ கேட்ட குரல்.

அம்மா இப்போது பெங்களூரில் எங்களோடு இருக்கிறார். விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முருங்கைக் கீரையைக் கொடுத்தால் முறத்தில் பரப்பி, இரண்டு கைகளாலும் உருவுவார். கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். முடித்ததும் முறத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "முக்காக் கிலோ தேறும்" என்பார்.