கார்க்காரர்களின் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. மனைவியின் அண்ணன் மகன்தான் இழுத்துக்கொண்டு போனான். "மாமா, நீங்க சும்மா வந்து பாருங்க. எழுத மேட்டர் கிடைக்கும்" என்று ஆசை காட்டினான். வாரா வாரம் எழுதுகிறவனை இதைச் சொல்லி எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம்.

பையன் கார் பைத்தியம். அவனும் அவனைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேரும் மாதம் ஒருமுறை கார்களோடு கூடி, பானெட்டைத் திறந்துவைத்து, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள். இந்த மாதம் மட்டும் ஒரு மாறுதல்: கார் வரக்கூடாது. வீட்டில் இருக்கும் பைக்கோ சைக்கிளோதான் வர வேண்டும்.

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. வாசலில் அணிவகுப்பு. ஒரு பழைய புல்லட், அதுவும் வலது காலில் கியர் போடுகிற ஜாதி. ஆம்பியர் மீட்டர் ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஸர் லிவரை அமுக்கி, பிறகு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து இங்கே வந்த வண்டி. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூரில் தயாரிப்பு நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் 1983இல் வந்த ராஜ்தூத் 350. அதற்குப் பக்கத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100. 1996இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்காக இன்னும் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் கார்பன் ஃப்ரேம் சைக்கிள் ஒன்று. ஒரு விரலால் தூக்கலாம். விலையைத்தான் தூக்க முடியவில்லை.

முதல் பத்து நிமிஷம் பேச்செல்லாம் ரூபாயில்தான். சைலன்ஸர் எவ்வளவு, ஹேண்டில்பார் எங்கே கிடைத்தது, அலாய் வீல் யார் போட்டுக்கொடுத்தார்கள், பெயின்ட்டுக்கு எத்தனை கோட். "இதெல்லாம் மாத்தலாமாடா?" என்று பையனைக் கேட்டேன். குரலைத் தாழ்த்தினான். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கும் வண்டிக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. மற்றவர்கள் டிராஃபிக் போலீஸைப் பார்த்தால் சந்தில் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது டீ வந்தபோது பேச்சு மாறியது. புல்லட்காரர் டாங்க்கைத் தடவிக்கொண்டே, "இது எங்கப்பாவுது சார்" என்றார். ராஜ்தூத், மாமாவுடையது. ஆர்எக்ஸ், அப்பா கடன் வாங்கி அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்து, அண்ணன் வெளிநாடு போனதும் தம்பிக்கு வந்தது. அங்கே வந்திருந்த யாரும் இப்படி ஒரு காரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. கார் இவர்கள் சம்பாதித்தது. டூவீலர் இவர்களுக்கு வந்தது.

ஓரமாக ஐம்பதை நெருங்கும் ஒருவர் கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிளோடு நின்றிருந்தார். டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. சீட்டுக்கு முன்னால் பாரில் பொருத்திய குட்டி இரும்பு சீட்டும் கால் வைக்கும் கம்பியும் மட்டும் பழசு. "முழங்கால் இடிக்குமே, கழட்டிடலாமே?" என்றேன்.

"இடிக்கட்டும் சார். அதுல நான் உட்கார்ந்திருக்கேன்."

*

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பிடித்த டூவீலர் படைப்புகளை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்ததும்தான் உறைத்தது. எல்லாமே அப்பா-பிள்ளை கதைகள்.

டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) உங்களுக்குத் தெரியும். ரோம் நகரத்தில் போஸ்டர் ஒட்டும் வேலை. வேலைக்கு சைக்கிள் கட்டாயம். படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகில் இருந்த சைக்கிளை மீட்கிறார்கள். முதல் நாளே திருட்டுப் போகிறது. எல்லோரும் இந்தப் படத்தை வறுமையின் காவியம் என்பார்கள். சரிதான். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு சின்ன இடம். வேலைக்குப் போகும் நாள் காலையில் பையன் புரூனோ சைக்கிளைத் துடைக்கிறான். துடைக்கும்போது ஒரு நசுங்கலைக் கண்டுபிடித்து, அடகுக் கடையில்தான் ஆகியிருக்கும், நீ ஏன் கேட்கவில்லை என்று அப்பாவைக் கடிந்துகொள்கிறான். அப்பாவுக்கு அது சம்பளம். பையனுக்கு அது வண்டி! ஈக்காட்டுத்தாங்கல் கூட்டத்தின் தலைவர் பதவிக்கு அவன் ஒருவனே போதும்.

அடுத்து, சந்தையில் தேடும் காட்சி. சைக்கிளை முழுசாகத் தேடிப் பிரயோஜனமில்லை, இந்நேரம் பிரித்திருப்பார்கள் என்று ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் டயர், ஒருவர் ஃப்ரேம். பையனுக்கு மணியும் பம்பும். பழைய வண்டிகளைப் பிரித்துக் குவித்து வைத்திருக்கும் நம் புதுப்பேட்டைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் புரியும். உங்கள் வண்டி அங்கேயேதான் இருக்கும். ஆனால் இருபது கடைகளில் இருக்கும்.

சைக்கிள் தொலைந்த பிறகு அப்பா முன்னால் வேகமாக நடக்கிறான், பையன் பின்னால் ஓடுகிறான். மழையில் வழுக்கி விழுகிறான். அப்பா கவனிப்பதே இல்லை. பாரில் உட்கார்ந்த பிள்ளை அப்பாவின் கண் முன்னாலேயே இருக்கும். பின்னால் வருகிற பிள்ளை பார்ப்பது முதுகை மட்டும்தான்.

இந்த முதுகு விஷயத்தை ராபர்ட் பிர்ஸிக்கும் எழுதியிருக்கிறார். 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974). 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய புத்தகம். 1968இல் மகன் கிறிஸ்ஸைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே போன பயணம். மெக்கானிக்குகளுக்கும் தத்துவப் பேராசிரியர்களுக்கும் ஒரே சமயத்தில் பிடித்த புத்தகம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதில் ஒரு பிரமாதமான இடம். நண்பரின் விலை உயர்ந்த பி.எம்.டபிள்யூ.வில் ஹேண்டில்பார் லூஸாகி நழுவுகிறது. காலி பியர் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டி இடுக்கில் வைத்தால் இறுகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. என் பி.எம்.டபிள்யூ.வில் பியர் டின்னா! நம் ஊர் மெக்கானிக் கேட்டால் சிரிப்பான். அவன் பிழைப்பே அந்தத் தகடுதான்.

தத்துவப் பக்கங்களில் பிர்ஸிக் என்னைப் பல இடங்களில் தூங்க வைத்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். பயணம் முடியும் தறுவாயில், இத்தனை நாளும் பிள்ளை பார்த்ததெல்லாம் தன் முதுகை மட்டும்தான் என்று அப்பாவுக்கு உறைக்கிறது. கிறிஸ் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். முதல்முறையாக ரோடு தெரிகிறது. அந்த ஒரு பக்கத்துக்காக நூறு பக்கத் தூக்கத்தை மன்னிக்கலாம். நிஜ கிறிஸ் 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் கொல்லப்பட்டான் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிந்ததில்லை.

*

நம் ஊருக்கு வருவோம். தமிழ் சினிமாவில் பைக் என்றால் பெரும்பாலும் ஹீரோவின் குதிரை. தூசி கிளப்பிக்கொண்டு வருவார், இறங்குவார், கண்ணாடியைக் கழற்றுவார். அந்த பைக்குக்குத் தவணை பாக்கி இருக்குமா, செயின் லூஸாகுமா, ரிசர்வில் ஓடுகிறதா, ஒன்றும் நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் 2007 தீபாவளிக்கு வந்த வெற்றிமாறனின் முதல் படம் 'பொல்லாதவன்' முக்கியம். வேலையில்லாத பிரபு (தனுஷ்) அப்பாவோடு (முரளி) சண்டை போடுகிறான். எனக்கு என்ன செய்தாய் என்கிற, எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடந்த சண்டை. அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அது பல்ஸராகிறது. பல்ஸர் வந்ததும் வேலை வருகிறது, பெண் திரும்பிப் பார்க்கிறாள், நடையே மாறுகிறது. ஒரு கீழ் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு பைக் எத்தனை கதவைத் திறக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொரு தமிழ்ப் படம் எனக்கு நினைவில்லை. பைக் காணாமல் போகும்போது நமக்கே பாக்கெட்டைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும்.

ஆனால் ஒரு குறை. இடைவேளைக்குப் பிறகு பைக் வெறும் சாக்காகிவிடுகிறது. அண்ணன் தாதா, தம்பி தாதா, யார் யாரை முந்துவது என்று படம் வேறு ரோட்டில் போய்விடுகிறது. கிஷோரும் டேனியல் பாலாஜியும் நன்றாக நடித்ததே வினையாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். டி சிகாவின் சைக்கிள் ஆரம்பத்திலேயே தொலைந்துபோகிறது. ஆனால் கடைசிக் காட்சிவரை அதை நாம் மறப்பதில்லை. ஏனென்றால் அது அப்பாவின் மானம். 'பொல்லாதவ'னில் பல்ஸரை நாம் மறக்கிறோம். கூடவே, அதை வாங்கப் பணம் கொடுத்த கையையும்.

2024இல் வந்த 'குரங்கு பெடல்' இதில் கொஞ்சம் தைரியமான படம். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் எடுத்தது. வாடகை சைக்கிளில் ஓட்டக் கற்க அலையும் பையனுக்கு, சைக்கிளே ஓட்டத் தெரியாத அப்பா (காளி வெங்கட்). பிள்ளையை உட்கார வைக்க அவரிடம் பாரே இல்லை! சில இடங்களில் படம் அளவுக்கு மீறி இனிக்கிறது. ஆனாலும் தலைப்பே ஒரு பாடம். சீட்டுக்குக் கால் எட்டாத பையன் ஃப்ரேமுக்குள் காலை விட்டு, உடம்பைக் கோணலாக்கி மிதிப்பதுதான் குரங்குப் பெடல். வண்டியை உடம்புக்கேற்ப மாற்றக் காசில்லாதபோது, உடம்பை வண்டிக்கேற்ப மாற்றிக்கொண்டோம். அபராதம் கிடையாது.

எல்லாம் அப்பா-பிள்ளைதானா, அம்மாவும் பெண்ணும் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். பி.சாய்நாத்தின் புத்தகத்தில் (1996) பதில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளே நல்லது என்றார்களாம். காரணம்? பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம். இதைப் படமாக எடுக்க யாராவது முன்வந்தால் முதல் டிக்கெட் எனக்கு.

*

கிளம்பும் முன் ஹெர்குலிஸ்காரர் ஒன்று சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீடும் மூழ்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து, அடையாறு ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் வந்த அந்த இரவு. கார் கூரைவரை தண்ணீரில் நின்றது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடையே வளைத்துவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொடாமல் விட்டார். இருந்தும் இன்ஷூரன்ஸில், ரிப்பேருக்கு லாயக்கில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று முடித்துவிட்டார்கள். சைக்கிளைச் சேற்றிலிருந்து இழுத்து, குழாயடியில் கழுவி, ஹப்பைப் பிரித்து பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். மூன்றாம் நாள் அதில்தான் பால் வாங்கப் போனார்.

"யாரு சார் ஹப்பு பிரிக்கக் கத்துக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. குட்டி சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பையன் கேட்டான். "மாமா, உங்க வீட்ல தாத்தா சைக்கிள் ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, சூப்பரா ரெஸ்டோர் பண்ணிடலாம்."

இருந்தது. ராலே. டைனமோ லைட் வைத்தது. அப்பா போன பிறகு மாடிப்படிக்குக் கீழே இடத்தை அடைக்கிறதே என்று காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். இரும்பு விலைக்குத்தான் எடுத்தார்கள். பாரில் இருந்த குட்டி சீட்டைத் தனியாகக் கழற்றி எடை போட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

"இல்லப்பா" என்று மட்டும் சொன்னேன்.