பருத்திப்பட்டில் 387 குதிரைகள்

ஜெர்மன் எஞ்சின் என்றதும் உங்களுக்கு பி.எம்.டபிள்யூ ஞாபகம் வரும். ஆவடி, பருத்திப்பட்டுக்காரர்களுக்கு டாங்கி ஞாபகம் வரவேண்டும். ஆவடியில் வடிவமைத்து, அங்கேயே கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான அர்ஜுன் டாங்கிக்குள் இருப்பது எம்.டி.யூ. என்கிற ஜெர்மன் கம்பெனியின் 1,400 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். என்ன, 58.5 டன்னை இழுக்கவேண்டியிருப்பதால் மணிக்கு 70 கிலோமீட்டரோடு மூச்சு வாங்கிவிடும்.

அந்த ரோட்டுக்கு அதுதான் சரியான ஜெர்மன் வண்டி என்பேன். சிரிக்காதீர்கள், கணக்கு இருக்கிறது.

செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் 2007-ல் திறந்த பி.எம்.டபிள்யூ ஆலையிலிருந்து 2021 மார்ச்சில் எம்340ஐ வந்தது. அப்போதைய ஷோரூம் விலை 62.90 லட்சம். 3 லிட்டர், 387 குதிரை, பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட 4.4 செகண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவிகிதம். அந்த விலைக்கு வரி மட்டும் 12 லட்சத்துச் சொச்சம். எந்த ரோட்டுக்காக என்று கேட்கக் கூடாது.

காரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடி பிம்பம்போல் இயங்குவதால் ஒன்றின் உதறலை மற்றது ரத்து செய்துவிடும். அந்த வழவழப்பு நாலு சிலிண்டரில் சுலபமாகக் கிடைக்காது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எடையைக் கிட்டத்தட்டப் பாதிப்பாதியாகப் பிரித்திருப்பார்கள். வளைவில் கார் உங்கள் மணிக்கட்டுக்குக் கட்டுப்படும். பொறாமைப்படவேண்டிய வித்தை.

ஆனால் அந்தக் கர்ஜனை? 2011 எம்5-இல் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே பாடவிட்டார்கள். காபின் அவ்வளவு நிசப்தம், பாவம், ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லையாம். டர்போ எஞ்சினுக்குப் பின்னணிப் பாடகர்! சினிமாவில் நாம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதால் யாரும் கோபப்படுவதில்லை.

இந்தக் கார்கள் பிறந்த ஊரில் ஆட்டோபானின் பல பகுதிகளில் வேக வரம்பே கிடையாது. 130 என்பது வெறும் சிபாரிசு. அங்கேயே பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு பெரும்பாலான கார்களை 250-இல் கட்டிவைத்தன (போர்ஷே மட்டும் சேரவில்லை). நம் சென்னையில் 2023 நவம்பரில் போலீஸ் நிர்ணயித்த வரம்பு காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் நூறைத் தொட 60, 70 மீட்டர் போதும். நிற்க? ஷேர் ஆட்டோ குறுக்கே வருவதை மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு செகண்டு, 28 மீட்டர். அப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். ஜெர்மானியர்களால் உங்கள் காலை டியூன் செய்ய முடியாது.

2024 மே மாதம் புனேயில் இது நடந்தது. கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகப் போலீஸ் சொல்லும் போர்ஷே, பைக்கில் போன இரண்டு இளம் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்களைக் கொன்றது. கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அந்தக் காரின் பதிவு, 1,758 ரூபாய் கட்டாததால் முடியாமல் இருந்தது என்று போக்குவரத்து அதிகாரிகள் சொன்னார்கள். சிறார் வாரியம் முதலில் ஜாமீன் கொடுத்து, விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னது. நாடே கொதித்த பிறகுதான் ஜாமீனை மாற்றினார்கள்.

அடுத்த ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்குமாரும் போர்ஷேதான் ஓட்டினார். பயிற்சியில் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் இறங்கி நடந்து வந்தார். ஹெல்மெட் இருந்தது, காருக்குள் இரும்புக் கூண்டு இருந்தது, முக்கியமாக எதிரே பைக்கில் யாரும் வரவில்லை. சில நாளில் அவர் அணி 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.

வைத்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, ஓட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஷோரூமில் விற்பது முதலாவதை. மாத்தவணையும் அதற்குத்தான். வாசலில் நிறுத்தி, துணி போட்டு மூடி, ஞாயிறு காலையில் திறந்து துடைக்கிற சுகத்தை நான் கேலி செய்யவில்லை; பாட்டியின் ஒட்டியாணத்தைக்கூட அப்படித்தான் வைத்திருந்தோம்.

ஓட்டியே ஆகவேண்டும் என்று கால் துடிக்கிறவர்கள் பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயச் சுற்று அங்கே இருக்கிறது, 3.7 கிலோமீட்டர். எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள்.