ரமண மகரிஷியின் ஒளிப்படங்களும் ஒளிப்படக் கலையின் தனி அழகும்

ஒளிப்படக் கலை 1839-இல் பாரிசில் அறிவிக்கப்பட்டபோது அதற்கென்று தனி அழகியல் ஏதும் இல்லை. ஓவியத்தின் இலக்கணத்தையே கடன் வாங்கியது. படம் பதிய நேரம் பிடித்ததால் தலை ஆடாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு முக்காலி, பின்னே வரைந்த திரை. பின்னாளில் கண்ணாடி நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகச் சுருக்கங்களையும் மறைத்தார்கள். மழைக்கு வானம் பார்க்கும் அருப்புக்கோட்டைச் சீமையிலும் நீர்வீழ்ச்சித் திரைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு!

இந்த இலக்கணத்திலிருந்து ஒளிப்படம் விலகியதை அறிய, திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷியின் படங்களைப் பார்த்தாலே போதும்.

பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் பல வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. அதில் தூண் இல்லை, திரைச்சீலை இல்லை, நகையோ ஆடையோ கண்ணை இழுப்பதில்லை. ஒட்ட வெட்டிய நரைமுடி, வெண்தாடி, வெற்றுத் தோள், நேரே நம்மைப் பார்க்கும் கண்கள். தோலின் மீது ஒளி படிந்திருக்கும் விதமே படத்தின் அழகு. இதைப் பார்த்து வரைந்த வண்ணப் படங்களில் ஒளிவட்டமும் ரோஜா நிறக் கன்னமும் சேர்ந்துவிடுகின்றன. பக்திக்கு அவை போதுமாக இருக்கலாம். ஆனால் திருச்சுழியில் பிறந்த அந்த மனிதரின் முகம் அவற்றில் இல்லை.

வெல்லிங்கின் படமும் முன்னால் அமர்த்தி எடுத்ததுதான். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரேசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். அம்மாதம் 14-ஆம் நாள் இரவு மகரிஷி மறைந்தார். கையடக்கமான லைக்கா கேமரா, 35 மி.மீ. பிலிம், இருக்கிற வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டே பணிபுரிந்தவர் பிரேசோன். எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவது என்ற தேர்வே அவருக்குக் கலை. ஓவியர் ஒரு முகத்தைப் பல நாள் திருத்தலாம். இவருக்கு அந்த வசதி கிடையாது. அழகில் வெல்லிங் படம் உயர்ந்தது என்றாலும், ஒளிப்படக் கலை என்ற வகையில் பிரேசோனின் படங்களையே நான் மேலாக வைப்பேன்.

இன்று கணினி மையங்களில் இறந்த பெரியவர்களின் படத்தைப் பெரிதாக்கும்போது சுருக்கங்களை அழித்து, கோட்டு சூட்டு மாட்டி, பின்னே பூந்தோட்டம் வைத்துத் தருகிறார்கள். கரிசல் வெயிலில் அறுபது ஆண்டு உழைத்த முகம் அதில் காணாமல் போகிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்று எஞ்சுவது அந்தப் படம் மட்டுமே.